மழை நாளில் செஞ்சிக் கோட்டை: நண்பர்களோடு முதன்முறை செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

செஞ்சிக்குப் போகிறோம் என்று சொன்னால், விடியற்காலையிலேயே போய் வெயில் ஏறுவதற்குள் கோட்டையின் ராஜகிரிக் குன்றின் உச்சியைத் தொட்டுவிட்டு இறங்கிவிடுங்கள் என்றுதான் பலரும் சொல்வார்கள். கோடைக்கு அது சரியான அறிவுரை. மழை நாளுக்குப் பொருந்தாது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் செஞ்சி, ஏறிப் பார்ப்பதைவிடச் சுற்றிப் பார்ப்பதற்கே உகந்த இடம். பாறைகளில் விழும் நீரைத் தேக்கியும் திருப்பியும் சேமித்தும் பல ஆண்டு முற்றுகைகளைத் தாங்கிய கோட்டை இது என்பதால், அது எவ்வாறு இயங்கியது என்பதை மழை பெய்யும்போதுதான் கண்ணால் பார்க்க முடியும். ஆகவே உச்சியை வாய்த்தால் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்துவிட்டு, அடிவாரக் கோட்டையை மையமாகக் கொண்டு நாளைத் திட்டமிடும் முறையை இங்கே தருகிறேன்.

நாளைத் தேர்ந்தெடுத்தல்

முதலில் வானிலை முன்னறிவிப்பைப் பாருங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் மாவட்ட வாரியாக வெளியிடும் எச்சரிக்கையில் விழுப்புரம் மாவட்டத்துக்கு என்ன நிறம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதே முக்கியம். பச்சை என்றால் தயங்க வேண்டியதில்லை. மஞ்சள் என்றால் போகலாம், ஆனால் மலையேற்றத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆரஞ்சு அல்லது சிவப்பு என்றால் பயணத்தைத் தள்ளிவைப்பதே முறை. 24 மணி நேரத்தில் 115.6 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதைத்தான் மிகக் கனமழை என்று வானிலைத் துறை வகைப்படுத்துகிறது. அந்த அளவு மழையில் கோட்டைக்குள் மட்டுமல்லாமல், அங்கே போய்ச் சேரும் சாலைகளிலும் சிக்கல் வரும். இடி மின்னலுக்கென்று தனியாக, புணேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்னும் கைப்பேசிச் செயலி இருக்கிறது. நண்பர்களில் இருவராவது அதை முன்கூட்டியே நிறுவிக்கொள்ளட்டும்.

வானிலைக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது நாட்காட்டியை. வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை. பௌர்ணமி நாட்களில் கிரிவலத்துக்காகத் திருவண்ணாமலை செல்லும் கூட்டமும், அமாவாசை நாட்களில் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குச் செல்லும் கூட்டமும் செஞ்சி வழியாகவே போகின்றன. கார்த்திகை தீபத்தையொட்டிய நாட்களில் இந்தச் சாலையில் பேருந்தில் உட்கார இடம் கிடைப்பதே அரிது. மழையும் கூட்டமும் சேர்ந்து வரும் நாளில், நனைந்த உடையுடன் மாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் நிலை யாருக்கும் வேண்டாம்.

சென்றடைதல்

செஞ்சி, திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், திருவண்ணாமலை செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கிறது. சென்னை கிளாம்பாக்கத்திலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை செல்லும் பேருந்துகள் செஞ்சியில் நிற்கும். தொடர்வண்டியில் வருவதானால் திண்டிவனத்தில் இறங்கிப் பேருந்து பிடிக்க வேண்டும். கோட்டை செஞ்சிப் பேருந்து நிலையத்தை ஒட்டி இல்லை. திருவண்ணாமலை நோக்கி இன்னும் சிறிது தூரம் போக வேண்டும். நால்வரோ ஐவரோ சேர்ந்து ஓர் ஆட்டோவைப் பேசிக்கொள்வதும், திரும்பி வரும் நேரத்தை அப்போதே சொல்லி வைப்பதும் நல்லது.

உணவை ஊருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். கோட்டைக்குள் உணவகம் எதுவும் கிடையாது. குடிநீரை மட்டும் ஆளுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் எடுத்துச் செல்லுங்கள். மழை நாளில் தாகம் தெரியாது என்றாலும் படியேறும்போது உடல் நீரை இழந்துகொண்டுதான் இருக்கும்.

எடுத்துச் செல்ல வேண்டியவை

காலணியில்தான் பாதி நாளின் வெற்றி இருக்கிறது. அடிப்பாகம் தேய்ந்த காலணியும் ரப்பர் செருப்பும் நனைந்த கருங்கல்லில் வழுக்கும். அடியில் ஆழமான வரிகள் கொண்ட, கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் காலணியே ஏற்றது. குடையை அடிவாரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். படிகளில் இரண்டு கைகளும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதாலும், உயரத்தில் காற்று குடையைத் திருப்பிவிடும் என்பதாலும் மலைக்கு மழைச்சட்டையே சரி. ஜீன்ஸ் நனைந்தால் கனத்துக் காலைப் பிடிக்கும், மாலை வரை காயாது. மெல்லிய, விரைவில் உலரும் துணியில் கால்சட்டை அணியுங்கள். மாற்றுடை ஒன்று, ஒரு துண்டு, கைப்பேசிக்கும் பணத்துக்கும் நீர் புகாத உறை, ஒரு சிறு கைவிளக்கு ஆகியவை போதும். உணவுப் பொட்டலங்களைக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு போகாதீர்கள். செஞ்சியின் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பையின் சலசலப்பு நன்றாகவே தெரியும், அவையும் மழைக்கு நீங்கள் ஒதுங்கும் மண்டபங்களில்தான் ஒதுங்கியிருக்கும்.

உள்ளே நுழைந்ததும்

இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ள இடம் என்பதால் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. சீட்டை நனையாமல் வைத்திருங்கள். கிருஷ்ணகிரிக் குன்றிலுள்ள ராணிக் கோட்டையிலும் அதைக் காட்ட வேண்டியிருக்கும். அன்று ராஜகிரி ஏற அனுமதிக்கிறார்களா, எத்தனை மணிக்கு மேல் ஏற விடமாட்டார்கள் என்பதைச் சீட்டு வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வழக்கமான நாட்களிலேயே பிற்பகலில் ஏற்றத்தை நிறுத்திவிடுவார்கள். மழை நாளில் காவலர்கள் வேண்டாம் என்று சொன்னால் அவர்களோடு வாதாடுவதில் பொருளில்லை.

கோட்டையின் அமைப்பை மனதில் வாங்கிக்கொண்டால் வழி தவறாது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே ராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி என மூன்று குன்றுகள். மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஓடும் மதில். அதன் வெளியே அகழி. மதிலின் சுற்றளவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் என்பார்கள். திருவண்ணாமலைச் சாலை இந்த முக்கோணத்தை ஊடறுத்துக்கொண்டு போகிறது. கிருஷ்ணகிரியை ஊரார் ராணிக் கோட்டை என்றும், ராஜகிரியை ராஜா கோட்டை என்றும் சொல்வார்கள். வழி கேட்கும்போது இந்தப் பெயர்களையே சொல்லுங்கள்.

மரபுவழிச் செய்தியின்படி ஆனந்தக் கோன் என்பவர் 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே முதல் அரணை எழுப்பினார். பிறகு விஜயநகரத்துக்கு உட்பட்ட நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677இல் சிவாஜியும் இதைக் கைப்பற்றினர். சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் இங்கே வந்து தங்கியதைத் தொடர்ந்து, முகலாயப் படை 1690 முதல் 1698 வரை கோட்டையை முற்றுகையிட்டது. அந்த முற்றுகைக் காலத்தில் சோழமண்டலக் கரையின் மழை, உள்ளே இருந்தவர்களுக்கு நீரையும் வெளியே கூடாரமடித்திருந்தவர்களுக்குச் சேற்றையும் பசியையும் கொடுத்தது. மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அந்தப் பட்டியலில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. இதற்கு மேல் வரலாற்றை உள்ளே நடந்துகொண்டே பேசிக்கொள்ளலாம்.

நீரின் வழியே நடத்தல்

முதல் இரண்டு மணி நேரத்தை அடிவாரத்திலேயே செலவிடுங்கள். அகழியையும் மதிலையும் கடந்து உள்ளே வந்ததும் கல்யாண மகாலைத் தேடிப் போங்கள். சதுரமான முற்றத்தின் நடுவே கூம்பு வடிவக் கூரையுடன் அடுக்கடுக்காக உயர்ந்து நிற்கும் கட்டடம் அது, தொலைவிலிருந்தே தெரியும். முற்றத்தைச் சுற்றியுள்ள வளைவுகளின் கீழ் நின்றால் ஓரளவு நனையாமல் இருக்கலாம். குளத்து நீரைச் சுடுமண் குழாய்கள் வழியாக இக்கட்டடத்தின் மேல்தளங்களுக்குக் கொண்டுசென்றிருக்கிறார்கள். நீர் எங்கிருந்து வந்தது என்பதை அறிய, மலைச்சரிவிலிருந்து ஓடிவரும் சிற்றோடைகளைக் கவனியுங்கள். அவற்றில் பல ஏதேனும் ஒரு குளத்தை நோக்கியே போகும். வெயில் நாளில் வெறும் பள்ளமாகவோ கல்வரிசையாகவோ தெரிபவை, மழையில் தம் வேலையைச் செய்துகாட்டும்.

அருகிலேயே ஆனைக்குளமும், சற்றுத் தள்ளிச் சக்கரக்குளமும் செட்டிக்குளமும் இருக்கின்றன. செஞ்சியை ஆண்ட தேஜ்சிங் என்னும் ராஜா தேசிங்கு, 1714இல் ஆற்காட்டு நவாபு சாதத்துல்லாகானின் படையோடு மோதி, வயது முதிராத நிலையிலேயே போர்க்களத்தில் இறந்தார். அவருடைய உடல் செட்டிக்குளக் கரையில் எரியூட்டப்பட்டதாகவும், இளம் மனைவி அங்கேயே உடன்கட்டை ஏறியதாகவும் சொல்வார்கள். தேசிங்கின் கதைப்பாடலைச் சிறு வயதில் கேட்டவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், அவருடைய குதிரையையும் நண்பன் மோவுத்துக்கானையும் பற்றி அவர்களே சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் பேச்சைக் கரையிலிருந்து சற்று விலகி நின்று கேளுங்கள். மழைக்காலத்தில் இக்குளங்களின் படிகளில் பாசி படர்ந்திருக்கும், நீரின் ஆழமும் மேலிருந்து தெரியாது. படம் எடுப்பதற்காகக் கடைசிப் படிக்கு இறங்குவதும், நீச்சல் தெரிந்தவன் என்று குதிப்பதும் கூடவே கூடாது.

மழை வலுத்தால் ஒதுங்குவதற்கு மிகச் சிறந்த இடம் களஞ்சியம். கனமான சுவர்களும் வளைந்த கூரையும் கொண்ட அந்த நீண்ட கூடங்கள், தானியம் நனையக் கூடாது என்பதற்காகவே கட்டப்பட்டவை என்பதால் உங்களையும் நனைய விடாமல் காக்கும். உள்ளே இருட்டாக இருக்கும். கைவிளக்கை ஏற்றித் தரையைப் பார்த்த பிறகே உட்காருங்கள். மழைக்காலத்தில் பாம்பும் தேளும் உலர்ந்த மூலைகளைத் தேடும். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதையும் செய்யாமல், கடிபட்டவரை நடக்கவிடாமல் 108க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குரங்கு கடித்தாலோ பிறாண்டினாலோ அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே வெறிநோய்த் தடுப்பூசிக்குப் போங்கள். செஞ்சியிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது.

ஏறுவதா வேண்டாமா

இந்தக் கேள்வியை அடிவாரத்தைப் பார்த்து முடித்த பிறகு, குழுவில் அனைவரும் கூடி நின்று முடிவு செய்யுங்கள். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். வழக்கமான வேகத்தில் ஏற ஒன்றரை மணி நேரமாவது ஆகும், நனைந்த படிகளில் இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். எனவே நண்பகலுக்குள் தொடங்க முடியாவிட்டால் தொடங்காதீர்கள். மழை விட்டு அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், இடிச்சத்தம் எங்கும் கேட்கக் கூடாது, படிகளில் நீர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. இம்மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்கு ராஜகிரி வேண்டாம். ஒருவருக்கு மனமில்லை என்றால் அவரை வற்புறுத்தி இழுத்துச் செல்லாதீர்கள், அவரைத் தனியே கீழே விட்டுவிட்டும் போகாதீர்கள். இருவர் கல்யாண மகாலில் தங்கட்டும்.

ஏறுகிறவர்களில் நிதானமாக நடப்பவரை முன்னால் விடுங்கள். வேகமானவர் முன்னே போனால் குழு சிதறும், பின்தங்கியவர் அவசரப்பட்டு வழுக்குவார். அனுபவமுள்ள ஒருவர் கடைசியில் வரட்டும். எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும் என்பதை ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொண்டு, எங்கே இருந்தாலும் அந்த நேரத்தில் திரும்பிவிடுங்கள். பாதி வழியிலுள்ள கமலக்கண்ணி அம்மன் கோயில் வரை போய்த் திரும்புவதும் நிறைவான ஏற்றமே. ராஜகிரிக்கு முன்னர் கமலகிரி என்றும் பெயர் இருந்திருக்கிறது. உச்சியை நெருங்கும்போது, குன்றின் தலையைப் பிரித்து நிற்கும் ஆழமான பிளவு ஒன்றைச் சிறு பாலத்தின் மீது கடக்க வேண்டும். அந்தக் காலத்தில் அப்பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவர்களை யாரும் நெருங்க முடியாது. காற்றடிக்கும் நாளில் அதை ஒவ்வொருவராகக் கடந்து செல்லுங்கள். நடுவில் நின்று படமெடுக்க வேண்டாம். அதற்கப்பால் அரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், பீரங்கி ஆகியவை இருக்கின்றன. மேகம் இறங்கியிருந்தால் கீழே எதுவுமே தெரியாது என்பதையும் எதிர்பார்த்தே ஏறுங்கள்.

மின்னலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் மலைக்கோட்டைகளில் வழுக்குவதை நினைத்துப் பயப்படுகிறவர்கள்கூட மின்னலை மறந்துவிடுகிறார்கள். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும் வரை விநாடிகளை எண்ணி மூன்றால் வகுத்தால், அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது ஏறத்தாழத் தெரியும். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே இறங்கத் தொடங்குங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியும் வரை மீண்டும் ஏறாதீர்கள். நாற்புறமும் திறந்த கல்மண்டபம் மழையிலிருந்து காக்குமே தவிர மின்னலிலிருந்து காக்காது. உச்சியிலுள்ள தனிக் கட்டடங்களும், ஒற்றை மரத்தடியும், இரும்புக் கைப்பிடிகளும், பீரங்கியின் பக்கமும் ஆபத்தானவை. கதவுகளை மூடிய பேருந்தோ காரோதான் நம்பத்தக்க பாதுகாப்பு. அதை அடைவது அரிது என்றால், குன்றின் உயரமான பகுதியிலிருந்து இறங்கித் தாழ்வான இடத்துக்கு வந்து, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நில்லுங்கள்.

இறங்கும்போது முழங்கால்களைச் சற்று மடக்கி, பாதத்தைப் படியின் குறுக்காகச் சாய்த்து வைத்து, சிற்றடியாக எடுத்து வையுங்கள். பலர் நடந்து வழவழப்பான படியின் நடுப்பகுதியைவிட ஓரங்கள் சொரசொரப்பாக இருக்கும். பேச்சும் சிரிப்பும் அடிவாரம் வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ராஜகிரி ஏறாதவர்களுக்கு

ராணிக் கோட்டை இதைவிடத் தாழ்ந்தது, படிகளும் குறைவு. மழை ஓய்ந்த இடைவெளி ஒரு மணி நேரம்தான் கிடைத்தது என்றால் இதற்கே போங்கள். மேலே உள்ள குவிமாட மண்டபமும் களஞ்சியங்களும், எண்ணெய்க் கிணறு என்றும் நெய்க் கிணறு என்றும் சொல்லப்படும் சேமிப்புக் குழிகளும் பார்க்க வேண்டியவை. ராஜகிரியின் முழு வடிவமும் இங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது. ராஜகிரியின் மேல் நின்றால் ராஜகிரியைப் பார்க்க முடியாது என்ற எளிய காரணத்தால், ஒளிப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு நான் இந்தக் குன்றையே பரிந்துரைப்பேன்.

மழை விடவே இல்லை என்றால் வெளிக்கோட்டையிலுள்ள வேங்கடரமணர் கோயிலில் நேரத்தைச் செலவிடுங்கள். புதுச்சேரி வாயிலுக்கு அருகில் உள்ள இது, செஞ்சியிலேயே பெரிய கோயில். கோபுர வாயிலின் உட்சுவர்களில் ராமாயணக் காட்சிகளும் பாற்கடல் கடைவதும் செதுக்கப்பட்டிருக்கின்றன. மேலே கூரை இருப்பதால் மழையிலும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். இங்கிருந்த உயரமான தூண்களில் சிலவற்றைப் பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனார்கள். புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். பக்கத்திலேயே, தேசிங்கை வென்றதன் நினைவாக 1717–18இல் எழுப்பப்பட்ட சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் இருக்கிறது. 1750இல் பிரெஞ்சுக்காரரிடமும் 1761இல் ஆங்கிலேயரிடமும் போன கோட்டையின் பிற்காலக் கதையைச் சொல்ல இந்த இரண்டு கட்டடங்களுக்கு இடைப்பட்ட தூரமே போதுமானது.

வண்டியில் வந்தவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. செஞ்சிக்கு அருகில் சிங்கவரத்தில் குன்றைக் குடைந்து எடுத்த பல்லவர் காலத்து அரங்கநாதர் கோயில் இருக்கிறது. நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் காலையிலோ மாலையிலோ போக வேண்டும். விழுப்புரம் வழியாகத் திரும்புவோர் சாலையோரத்திலுள்ள மண்டகப்பட்டில் நிறுத்தலாம். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் கட்டியதாக முதலாம் மகேந்திரவர்மன் கல்வெட்டில் பொறித்து வைத்த குடைவரை அது. மழைக்கால மாலையில் ஐந்தரை மணிக்கே இருட்டத் தொடங்கிவிடுவதால், மண்டகப்பட்டுக்குப் போக நினைப்பவர்கள் நான்கு மணிக்குள் கோட்டையை விட்டுக் கிளம்பியாக வேண்டும்.